இரத்தம் ஏற்றலாமா, மௌலவி?

 

சில வருடங்களுக்கு முன் ஒரு ரமழான் இரவு. தராவீஹ் தொழுகையை முடித்துவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் நின்று கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒரே இலக்கத்திலிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. திருப்பி எடுத்தேன். எங்கள் ஊர் மூதாட்டி ஒருவர் வைத்தியசாலையிலிருந்து அழுதுகொண்டே பேசினார்.

"மௌலவி, மருமகளுக்குப் பிள்ளை கிடைச்சிட்டுது. ஆனா ரத்தம் நிக்குதில்லை. ரத்தம் ஏத்த வேணும் எண்டு சொல்லுகினம். ஆற்ற ரத்தமோ, என்ன ரத்தமோ தெரியாது. மார்க்கத்தில கூடுமோ? ரத்தம் ஏத்தலாமா, மௌலவி?"

"உடனே ஏற்றச் சொல்லுங்கோ உம்மா! ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்" என்று சத்தமிட்டே சொன்னேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை உயிர் பிழைத்தாள். அவளது கணவன் அப்போது வெளிநாட்டில் இருந்தார். மாமியார் மௌலவியின் சொல்லுக்காகக் காத்திருந்தார். மருமகளோ மாமியாரின் சொல்லுக்காகக் காத்திருந்தாள். மௌலவியின் தொலைபேசி சட்டைப் பைக்குள் ஓசையின்றிக் கிடந்தது. இப்படியே இருபது நிமிடங்கள் கழிந்திருந்தன.

அன்றிரவு வராந்தாவில் என்னைக் கண்ட வைத்தியர் கோபப்படவில்லை. "மௌலவி, முதலில் கொடுத்த மருந்து கொஞ்சம் தாங்கியது. அதனால்தான் தப்பினார். எங்களுக்கு இருபது நிமிடம் என்பது சின்ன நேரம் அல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை என்னை இன்றும் உறுத்துகிறது. வருடக்கணக்காக மிம்பரில் நின்று பயான் செய்திருக்கிறேன். தொழுகையைப் பற்றி, நோன்பைப் பற்றி, வரதட்சணையைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறேன். இரத்தம் ஏற்றுவது கூடும் என்ற ஒரே ஒரு வசனத்தை ஒருநாளாவது சொல்லியிருந்தால், அந்தத் தாய் எனக்கு ஏழு முறை அழைத்திருக்க மாட்டார். அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன நடக்கிறது?

ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் ஏறக்குறைய 4 லீற்றர் இரத்தம் இருக்கிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு மட்டும் ஒரு நிமிடத்தில் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கி, அந்தக் குழாய்களின் வாயை அடைத்து விடுகிறது. வல்ல நாயன் அமைத்த ஏற்பாடு அது. சில வேளைகளில் கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்து விடுவதுண்டு. அப்போது திறந்துவிட்ட குழாயைப் போல இரத்தம் போகும். வைத்தியம் கிடைக்காவிட்டால் இரண்டொரு மணி நேரத்துக்குள்ளேயே மௌத்து நேர்ந்துவிடக் கூடும்.

பிரசவம் மட்டுமா? ஏ-9 வீதியில் வேகமாக வரும் வாகனம், வயலில் குடைசாயும் உழவு இயந்திரம், விறகு வெட்டப் போன இடத்தில் வெடிக்கும் பழைய கண்ணிவெடி, டெங்குக் காய்ச்சல் முற்றி உள்ளுக்குள் ஏற்படும் இரத்தக் கசிவு, எல்லாமே இந்த நிலைக்குக் கொண்டு வரலாம். வன்னியில் வாழும் நமக்கு இவற்றில் எதுவும் புதிதல்ல.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இப்படி ஒருவரைக் கொண்டு போனதும் வைத்தியர்களும் தாதியரும் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறார்கள். இரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிக்கிறார்கள். இரு கைகளிலும் ஊசி ஏற்றிச் சேலைன் விடுகிறார்கள். இரத்தப் போக்கைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். 'டிரானெக்ஸாமிக் அமிலம்' என்ற மலிவான மருந்தொன்று இருக்கிறது. இதை 21 நாடுகளில் 20 ஆயிரம் தாய்மாரிடம் சோதித்து, 2017-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைப்பேற்று இரத்தப் போக்கு தொடங்கி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பல உயிர்களை அது காக்கிறது. ஆனாலும் போன இரத்தத்தை அந்த மருந்து திருப்பித் தராது. சேலைன் குழாய்களை நிரப்பும், ஒட்சிசனைச் சுமக்காது. மூளைக்கும் இருதயத்துக்கும் ஒட்சிசனைக் கொண்டு போவது இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள்தாம். அவற்றைச் செய்யும் தொழிற்சாலை உலகில் எங்கும் இல்லை. ஒரு மனிதனிடமிருந்துதான் இன்னொரு மனிதனுக்கு அது வர வேண்டும்.

இதற்கிடையில் நோயாளியின் கையிலிருந்து எடுத்த இரத்த மாதிரி இரத்த வங்கிக்குப் போகிறது. ஏ, பி, ஏபி, ஓ என்று வகை பார்க்க வேண்டும். வியன்னா நகரின் கார்ல் லான்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி 1901-இல் இரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிடும் வரை, ஒருவரின் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது சூதாட்டம் போலவே இருந்தது. சிலர் பிழைத்தார்கள், பலர் ஏற்றிய இரத்தத்தாலேயே இறந்தார்கள். அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளைத்தான் உலக இரத்ததானிகள் தினமாக இன்று கொண்டாடுகிறார்கள். இரத்தம் இருதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குப் போய் இடப்புறத்துக்குத் திரும்புகிறது என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் திமிஷ்கில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னுன் நஃபீஸ் என்ற முஸ்லிம் அறிஞர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வகை பார்த்த பிறகு, நோயாளியின் இரத்தத்தோடு பையிலுள்ள இரத்தம் ஒத்துப் போகிறதா என்று 'கிராஸ் மெச்' செய்து பார்ப்பார்கள். முறைப்படி செய்ய முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாத நிலையில், எவருக்கும் ஏற்றக்கூடிய 'ஓ நெகட்டிவ்' இரத்தத்தை முதலில் ஏற்றுவார்கள். முக்கியமாக, இனியும் பிள்ளை பெறக்கூடிய பெண்களுக்கு அதைத்தான் தேடுவார்கள். நம் நாட்டில் நெகட்டிவ் வகையினர் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான். அதிலும் ஓ நெகட்டிவ் இன்னும் குறைவு. அந்த ஒரு பை இரத்தம் அப்போது குளிர்ப்பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். அவசரம் வந்த பிறகு ஆள் தேடி, அவரைப் பரிசோதித்து, இரத்தம் எடுத்து, அதையும் பரிசோதித்து ஏற்றுவதற்கு நேரம் இருக்காது. இன்று ஒரு தாயைக் காப்பது நேற்றோ போன வாரமோ எவரோ கொடுத்து வைத்த இரத்தம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இரத்தம் ஹராம் என்று திருமறை சொல்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். செத்ததையும் ஓடும் இரத்தத்தையும் பன்றி இறைச்சியையும் உண்பதை அல்லாஹ் தடுத்திருக்கின்றான். ஆனால் அதே வசனத்திலேயே (2:173), வரம்பு மீறும் எண்ணமின்றி நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்றும் அறிவித்து விட்டான். உணவுக்கே நிர்ப்பந்தத்தில் சலுகை உண்டென்றால், உயிர் காக்கும் சிகிச்சைக்கு இல்லாமல் போகுமா? ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தை ஐந்தாம் அத்தியாயத்தின் 32-ஆம் வசனத்தில் ஓதுகிறோமே, சகோதரிகளே! அதை ஓதிவிட்டு ஓர் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

இக்கால மார்க்க அறிஞர்களும் இதைக் கூடி ஆராய்ந்து முடிவு சொல்லிவிட்டார்கள். ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 பெப்ரவரியில் கூடியபோது, இரத்தம், தோல் போன்று உடலில் மீண்டும் உண்டாகும் பகுதிகளை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றலாம் என்று தீர்மானித்தது. கொடுப்பவர் புத்தி சுவாதீனமுள்ள வயது வந்தவராக இருக்க வேண்டும், ஷரீஅத்தின் நிபந்தனைகள் பேணப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. எனவே இந்தக் கேள்விக்காக நள்ளிரவில் எந்த மௌலவியையும் தேட வேண்டாம். விடை வந்து பல ஆண்டுகளாகிவிட்டன.

பெண்கள் என்னிடம் கேட்கும் சில சந்தேகங்களுக்கும் பதில் சொல்லி விடுகிறேன்.

அந்நிய ஆணின் இரத்தம் ஏற்றினால் அவர் மஹ்ரமாகி விடுவாரா? மாட்டார். பால்குடி உறவு பாலுக்கு மட்டும் உரிய சட்டம். இரத்தத்தால் அப்படி எந்த உறவும் உண்டாகாது என்று மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1989-இல் தெளிவுபடுத்தியது. கணவன் மனைவிக்கு இரத்தம் கொடுத்தாலும் நிக்காஹுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

முஸ்லிமல்லாதவரின் இரத்தம் கூடுமா? கூடும். நம் இரத்தத்தை அவர்களுக்குக் கொடுப்பதும் கூடும். ஈமான் இருப்பது உள்ளத்தில், இரத்தக் குழாயில் அல்ல.

இரத்தத்தை விற்கலாமா? விற்கக் கூடாது. அன்பளிப்பாகவே கொடுக்க வேண்டும். நம் நாட்டில் இப்போது விற்கும் வழியும் இல்லை. 2014-ஆம் ஆண்டிலிருந்து இலங்கையின் இரத்த வங்கிகளுக்குச் சேரும் இரத்தம் முழுவதும் காசு வாங்காத தொண்டர்கள் கொடுத்ததுதான்.

நோன்போடு இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா? நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமாவால் நோன்பு முறியாது. நபி (ஸல்) அவர்கள் நோன்பு நோற்ற நிலையில் ஹிஜாமா செய்துகொண்டதாக இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஆனால் களைப்பு உண்டாகும் என்பதால் நோன்பு திறந்த பின் இரவில் கொடுப்பதே நல்லது. இரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளியோ நோன்பை விட்டுவிடும் சலுகை பெற்றவர். சுகமான பின் கழாச் செய்துகொள்ளலாம்.

வுழூ முறியுமா? நம் மத்ஹபில் இரத்தம் வெளியேறுவதால் வுழூ முறிவதில்லை. பட்ட இடத்தைக் கழுவிக்கொண்டால் போதும்.

தெரியாத மார்க்கத் தீர்ப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அபூதாவூதில் ஒரு சம்பவம் இருக்கிறது. பிரயாணத்தில் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயமாகிவிட்டது. அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று உடன் இருந்தவர்களிடம் கேட்டார். உனக்கு அந்தச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மௌத்தானார். செய்தி கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அந்தத் தோழர்களே என்று கடிந்துகொண்டார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதானே மருந்து என்றும் சொன்னார்கள். வார்டு வாசலில் நின்று "இரத்தம் ஏற்றக் கூடாதாம்" என்று அரைகுறையாகச் சொல்லும் ஒவ்வொருவரும் இந்தச் சம்பவத்தை நினைத்துப் பயப்பட வேண்டும்.

அன்று இல்லாத அருள்

ஹிஜ்ரி 5-இல் நடந்த அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து பெரிய நரம்பு அறுந்தது. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்து அவரை அங்கே வைத்தார்கள். காயமடைந்தோருக்குச் சிகிச்சை செய்யும் ருஃபைதா (ரழி) என்ற பெண்மணி அவரைப் பராமரித்தார். நமது வரலாற்றின் அவசர சிகிச்சைப் பிரிவு அது, அதன் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண் என்று நான் என் மாணவிகளுக்குச் சொல்வதுண்டு. ஆனால் ஒரு நாள் அந்தக் காயம் மீண்டும் திறந்துகொண்டது. பக்கத்துக் கூடாரத்துக்குள் இரத்தம் வழிந்து வந்த பிறகுதான் அங்கிருந்தவர்கள் அறிந்தார்கள். அந்த இரத்தப் போக்கிலேயே அவர் ஷஹீதானார்.

உஹது களத்தில் பெருமானாரின் திருமுகத்தில் வடிந்த இரத்தம் தண்ணீர் ஊற்ற ஊற்ற நிற்காததைக் கண்ட மகள் ஃபாத்திமா (ரழி), பாய்த் துண்டை எரித்துச் சாம்பலை வைத்து நிறுத்தினார்கள். அன்றைக்கு அறியப்பட்ட சிறந்த வைத்தியம் அது. இன்று காயத்தில் சாம்பலோ கோப்பித் தூளோ போடாதீர்கள், சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தத்தை நிறுத்த மட்டுமே அன்றைய மனிதருக்குத் தெரிந்திருந்தது. போன இரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழியை அல்லாஹ் நம் காலத்து மனிதருக்குத்தான் கற்றுக் கொடுத்தான்.

வன்னி கண்ட காட்சி

நம் காலத்திலும், நம் மண்ணிலேயே, அந்த வழி அடைபட்டுப் போன நாட்கள் இருந்தன. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யுத்தம் வன்னி மக்களைக் கடற்கரையின் ஒரு சிறு துண்டுக்குள் ஒடுக்கியது. பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் எறிகணைகள் விழுந்தன. நோயாளிகள் புதுமாத்தளனுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பிறகு முள்ளிவாய்க்காலில் தற்காலிக வைத்தியசாலை இயங்கியது. எஞ்சியிருந்த ஒரு சில அரச வைத்தியர்கள் இரவு பகலாக வேலை செய்தார்கள். மயக்க மருந்து இல்லை, காயம் கட்டத் துணி இல்லை, இரத்தமும் இல்லை. கொடுக்கக் கூடியவர்களே காயத்தோடும் பசியோடும் கிடந்தார்கள். சேமிக்கக் குளிர்ப்பெட்டி எங்கே, மின்சாரம் எங்கே?

2011-இல் வெளியான ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறது. ஏற்றுவதற்கு இரத்தம் இல்லாத நிலையில், நோயாளியின் உடலிலிருந்து வழிந்த இரத்தத்தையே பிடித்து, துணியில் வடிகட்டி, மீண்டும் அவரது நரம்பிலேயே ஏற்றினார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் தேநீர் வடிகட்டும் துணியை நினைத்துப் பாருங்கள், சகோதரிகளே! ஒரு வைத்தியர் அந்த அளவுக்குத் தள்ளப்பட்டார் என்றால், அங்கே ஒரு பை இரத்தத்தின் விலை என்ன?

பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு காயம்பட்டோரைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டு சென்றது. முஸ்லிம்கள் நிறைந்த புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு மார்ச் மாதத்தில் கள வைத்தியசாலை ஒன்றை நடத்தியது. இப்படிப் பிழைத்தவர்களின் நரம்புகளில் ஏறிய இரத்தம் யாருடையது? தமிழருடையதா, சிங்களவருடையதா, முஸ்லிமுடையதா? பையில் வகை எழுதியிருக்கும், இனம் எழுதியிருக்காது.

அந்த நாட்களில் நாங்கள் வன்னியில் இல்லை. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 10 வயது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் போய்ச் சேர்ந்தவன் நான். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, நாங்களும் இழந்திருந்தோம், எங்கள் அயலவரும் இழந்திருந்தார்கள். 1990 என்ற இலக்கத்தைக் கேட்டாலே எங்கள் தலைமுறைக்கு நெஞ்சு கனக்கும். இன்று அதே 1990-ஐத் தொலைபேசியில் அழுத்தினால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. இந்திய உதவியுடன் 2016-இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த 'சுவசெரிய' சேவை, 2018-இல் வடக்குக்கும் வந்தது. அந்த இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். இப்போது அது உயிர் காக்கும் இலக்கம்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியுடன் பெண்களுக்கான விசேட சிகிச்சை நிலையம் 2024 மே மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. நன்றி சொல்வோம். ஆனால் கட்டிடத்தைப் பிற நாட்டார் கட்டித் தரலாம், இரத்தத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஒரு வைத்தியசாலையில் இரத்தம் தீர்ந்து, மற்றொன்றிலிருந்து வர வேண்டுமானால், அத்தனை தூரமும் நோயாளியின் உயிரிலிருந்துதான் கழிகிறது. கொடுத்த இரத்தத்தையும் வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம்தான் தாங்கும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஐந்து நாள்தான். ஆகவே வருடத்தில் ஒரு நாள் விழாப்போல் கொடுத்துவிட்டு மறந்துவிட முடியாது. கிணற்றில் ஊற்று சுரப்பதுபோல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

"எங்கட ஆக்களின்ட ரத்தமே போதும்"

வார்டு வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நானாவின் இரத்தம், வாப்பாவின் இரத்தம், கணவனின் இரத்தம்தான் சுத்தமானது, அதை எடுத்து ஏற்றுங்கள் என்று கேட்பார்கள். பாசம் புரிகிறது. ஆனால் வைத்தியம் வேறு விதமாகச் சொல்கிறது. ஒரே குடும்பத்திலும் இரத்த வகை ஒத்துப் போகாமல் இருக்கலாம். ஒத்துப் போனாலும், மிக நெருங்கிய உறவினரின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடலில் வேர்பிடித்து அவரையே தாக்கும் ஆபத்து அரிதாக உண்டு. உறவு நெருங்கியிருப்பதால் உடல் அவற்றை அந்நியமாக அறிந்து அழிக்காமல் விட்டுவிடுகிறது. இன்னும் பிள்ளை பெறக்கூடிய மனைவிக்குக் கணவனின் இரத்தம் ஏற்றுவதையும் தவிர்ப்பார்கள். அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் இரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் தாயிடம் உருவாகலாம் என்பதே காரணம்.

இரத்த வங்கியில் உள்ள ஒவ்வொரு பையும் எயிட்ஸ், ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்த அந்தப் பையே பாதுகாப்பானது. கணவனும் நானாவும் கொடுக்கட்டும். அது இன்னொருவரின் மனைவிக்கு, இன்னொருவரின் தங்கைக்குப் போகட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டிலுள்ள எல்லோரின் இரத்த வகையையும் தெரிந்து எழுதி வையுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் அட்டையில் எழுதித் தருவார்கள். நெகட்டிவ் என்றிருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் விளக்கம் கேளுங்கள். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இரத்தசோகையை விட்டு வைக்காதீர்கள். இரத்தம் குறைந்த உடலோடு பிரசவத்துக்குப் போகிறவள், பாதி எண்ணெயோடு விளக்கை ஏற்றுகிறவள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அலுமாரியில் அடுக்கி வைக்காமல் விழுங்குங்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் பிளேன்ரீ குடிக்காதீர்கள், உணவிலுள்ள இரும்புச்சத்தை அது உடலில் சேர விடாது. முருங்கையிலையும் கீரையும் மீனும் சமையுங்கள், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேருங்கள்.

மூன்றாவது, பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் துணி நனைந்து நனைந்து மாற்ற வேண்டி வந்தால், தலை சுற்றி உடல் குளிர்ந்து வியர்த்தால், "அழுக்கு இரத்தம் போகட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே கொண்டு போங்கள்.

நான்காவது, சம்மதத்தை முன்கூட்டியே பேசி முடியுங்கள். சுயநினைவுள்ள, வயது வந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். கணவனின் அழைப்புக்கும் மாமியாரின் தலையசைப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மாமிமாரே, உங்களுக்கும் சொல்கிறேன். மருமகள் கிளினிக் போகும் நாளிலேயே, "தேவைப்பட்டால் இரத்தம் ஏற்று மகள், எவரிடமும் கேட்க வேண்டாம்" என்று சொல்லி வையுங்கள். அது நீங்கள் கொடுக்கும் பெரிய ஹதியா.

ஐந்தாவது, இரத்தம் ஏற்றும்போது பக்கத்தில் இருப்பவர் விழிப்பாக இருக்க வேண்டும். பையை மாட்டுமுன் தாதியர் பெயரையும் இலக்கத்தையும் சரிபார்ப்பார்கள். பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். நமது ஊர்களில் ஒரே பெயரில் பல பெண்கள் இருப்பார்கள்! குளிர், நடுக்கம், அரிப்பு, மூச்சுத் திணறல், முதுகு வலி ஏதேனும் தோன்றினால், முக்கியமாக முதல் கால் மணி நேரத்தில், உடனே தாதியை அழையுங்கள்.

ஆறாவது, கொடுங்கள். 18 வயதுக்கு மேல் 60-க்குள் இருப்பவர், 50 கிலோவுக்குக் குறையாத எடையும் 12-க்கு மேற்பட்ட ஹீமோகுளோபினும் உள்ளவர், கடும் நோய் இல்லாதவர் கொடுக்கலாம். ஒரு முறை கொடுத்தால் 4 மாதம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். எடுப்பது அரை லீற்றருக்கும் குறைவு. நீர்ப்பகுதி இரண்டொரு நாளில் திரும்பிவிடும், அணுக்கள் சில வாரங்களில் உண்டாகிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கொடுக்க வேண்டாம். உங்களால் முடியாவிட்டால் வீட்டு ஆண்களை அனுப்புங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம், பெண்களுக்குத் தனித் திரையும் பெண் தாதியும் வைத்து முகாம் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் நடக்கும்.

அந்த ரமழானில் பிறந்த பெண்பிள்ளை இப்போது எங்கள் மத்ரஸாவில் என் முன்னால் அமர்ந்து ஓதுகிறாள். எங்கள் பள்ளிவாசலில் இரத்ததான முகாம் நடக்கும்போதெல்லாம் அவளது வாப்பும்மா முதல் ஆளாக வந்து நிற்பார். 60 வயதைத் தாண்டிவிட்டதால் அவரிடம் இரத்தம் எடுக்க மாட்டார்கள். அது தெரிந்தும் வருவார், இரண்டு மகன்மாரையும் முன்னால் விட்டுக்கொண்டு. தயங்கி நிற்கும் பெண்களிடம் போய், "நான் மௌலவியைக் கேட்டுக்கொண்டு நிண்டன் புள்ளை. நீங்க அப்பிடி நிக்க வேண்டாம்" என்று சொல்வார். என் பயானைவிட அவரது அந்த இரண்டு வார்த்தை அதிகம் வேலை செய்கிறது.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் இந்தப் பேச்சை இன்றிரவே எடுங்கள். வல்ல ரஹ்மான் நம் தாய்மாரையும் சகோதரிகளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக! பிற உயிர் வாழ நம் இரத்தத்தைக் கொடுக்கும் மனத்தையும் உடல் சுகத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.